ஆக்டேவின் டயலாக் பெட்டி: எண்ணைக் கேட்டால் எழுத்தைத்தான் தரும்

எங்கள் லேபில் கான்கிரீட் க்யூப் உடைக்கிற வேலை. 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள க்யூபை மெஷினில் வைத்து, எத்தனை கிலோநியூட்டனில் உடைந்தது என்று பார்த்து, அதைப் பரப்பால் வகுத்தால் வலிமை கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்க இதைக் கால்குலேட்டரில் தட்டி, நோட்டில் எழுதி, சாயங்காலம் உட்கார்ந்து அதையே மறுபடி எக்செலில் ஏற்றுவது என்று எல்லாம் இரட்டை வேலையாக இருந்தது. கேள்வி கேட்டு, பதிலை வாங்கி, கணக்குப் போட்டு, ஃபைலில் எழுதிவைக்கிற சின்ன புரோகிராம் ஒன்று இருந்தால் போதும் என்று, கணக்குப் புரோகிராம்கள் எழுத உதவும் குனு ஆக்டேவ் என்ற மென்பொருளை எடுத்தேன். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், கல்லூரியில் இதே மாதிரியான மேட்லாப் மென்பொருளைத் தொட்டவர்கள் அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிடலாம். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் அதோடு புழங்கிவிட்டேன். இங்கே அதில் இருக்கும் டயலாக் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆரம்பத்தில் என் நேரத்தை அதிகம் தின்றது அதுதான், சரியாகப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அதிகம் உழைத்ததும் அதுதான்.

அந்த ஃபங்ஷனின் பெயர் ‘இன்புட்டிஎல்ஜி’. இன்புட் என்பதோடு டி, எல், ஜி என்ற மூன்று எழுத்துகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுத வேண்டும், டயலாக் என்பதைச் சுருக்கினது அது. கேள்விகளை ஒரு பட்டியலாகக் கொடுத்தால் ஒரே ஜன்னலில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டங்கள் வந்துவிடும், அடியில் ஓகே, கேன்சல். தலைப்பு வைக்கலாம், ஒவ்வொரு கட்டத்திலும் முன்கூட்டியே ஒரு மதிப்பை நிரப்பி வைக்கலாம். கேள்விகளை நான் தமிழிலேயே எழுதினேன், எங்கள் லேப் உதவியாளர் அண்ணனுக்கு அது பெரிய நிம்மதி. பக்க அளவு, உடைந்த சுமை, வார்த்து எத்தனையாவது நாள் என்று மூன்று கட்டம், மூன்றையும் நிரப்பி என்டர் தட்டினால் அடுத்த க்யூப். வேரியபிள் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும். மூன்று நான்கு வரியில் இப்படி ஒரு ஜன்னல் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை, அந்த வகையில் எனக்கு முழுத் திருப்தி.

சிக்கல் ஓகே அழுத்திய பிறகுதான் ஆரம்பிக்கிறது. நாம் தட்டியது எண், ஆனால் பெட்டி திருப்பித் தருவது எழுத்து. அதுவும் நேராகக் கையில் தருவதில்லை, ‘செல் அரே’ என்ற ஒரு அடுக்குக்குள் வைத்துத் தரும். டிபன் கேரியர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று கேள்வி கேட்டால் மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் கோவை. கேரியரையே கூட்டலில் போட்டால் ஆக்டேவ் உடனே பிழை சொல்லி நின்றுவிடும், அது நல்லது. ஆபத்து அடுக்கைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்த பிறகு. அப்போது கையில் இருப்பது 600 என்ற எண் இல்லை. ஆறு, சுழி, சுழி என்ற மூன்று எழுத்துகள். அதை ஒரு எண்ணால் பெருக்கினால் ஆக்டேவ் தடுக்காது. ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு குறியீட்டு எண் உண்டு அல்லவா, அதை எடுத்து அமைதியாகப் பெருக்கிக் கொடுத்துவிடும். சுழி என்ற எழுத்துக்கு 48, அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறி ஆறுக்கு 54.

எனக்கு முதல் நாளே இது நடந்தது. பக்கத்தை 150 என்று புரோகிராமிலேயே எழுதிவிட்டு, சுமையை மட்டும் பெட்டியில் கேட்டு, மாற்றாமல் அப்படியே கணக்கில் விட்டுவிட்டேன். 600 கிலோநியூட்டனை 1000 ஆல் பெருக்கி நியூட்டனாக்கி, 150*150 பரப்பான 22500 ஆல் வகுத்தால் 26.67 வர வேண்டும். திரையில் வந்தது 2.4, 2.1333, 2.1333 என்று மூன்று எண்கள். அன்றைக்கு மேஜையில் இருந்ததும் மூன்று க்யூப்! மூன்றுக்கும் விடை வந்துவிட்டது என்று கொஞ்ச நேரம் நம்பிவிட்டோம். எம் 25 கான்கிரீட்டுக்கு, வலிமை 25 வர வேண்டிய ரகத்துக்கு, இரண்டு சொச்சமா என்று அண்ணன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. புரோகிராம் எழுதத் தெரியாத அவர் கண்ணில் பட்டது எழுதிய என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அவர் மனதில் தோராயமாக எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் ஆக்டேவ் என்ற பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இசையில் வரும் சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதை எழுதிய ஜான் ஈட்டனுக்குக் கெமிக்கல் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுத்த ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற பேராசிரியரின் பெயர் அது. கையில் கிடைத்த துண்டுக் காகிதத்தில் சட்டென்று தோராயக் கணக்குப் போடுவதில் அவர் பேர்போனவர். 1988 வாக்கில் ரியாக்டர் வடிவமைப்புப் பாடப்புத்தகம் ஒன்றுக்குத் துணையாக யோசிக்கப்பட்டது, 1992 இல் முழுமூச்சாக எழுத ஆரம்பித்து, 1994 பிப்ரவரியில் 1.0 பதிப்பு வந்தது. இத்தனை வருடம் கழித்தும், அந்தப் பேராசிரியரின் பழக்கம்தான் இந்த மென்பொருளுக்கு முன்னால் உட்காருகிற எல்லாருக்கும் முதலில் வேண்டியது. 600 ஐ 22.5 ஆல் வகுத்தால் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் வரும் என்று மனதில் ஒரு எண் இல்லாமல் ஓகே அழுத்தவே கூடாது.

சரி, எழுத்தை எண்ணாக்குவதற்கு வருவோம். இதற்கு ஆக்டேவில் இரண்டு வழி பிரபலம். ஒன்று ‘எஸ்டிஆர்2நம்’, இன்னொன்று ‘எஸ்டிஆர்2டபுள்’. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேறு வேறு. நண்பர்கள் அனுப்பிய மாதிரிப் புரோகிராம்கள் பலவற்றில் முதலாவதுதான் இருந்தது, நானும் முதலில் அதையே போட்டேன். அது நாம் தட்டியதை ஒரு ஆக்டேவ் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு ஓட்டி, வருகிற விடையைத் தரும். அதனால் கட்டத்தில் 1/2 என்று தட்டினால் 0.5 கிடைக்கும், 150*150 என்று தட்டினால் 22500 கிடைக்கும், 580,610,595 என்று தட்டினால் மூன்று எண்களாகவே பிரித்துத் தந்துவிடும். பார்க்க எவ்வளவு வசதி! ஆனால் அதே கட்டத்தில் ராண்ட் என்ற ஃபங்ஷனின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் ஏதோ ஒரு குருட்டு எண் வரும், தவறுதலாக ‘இ’ என்ற ஆங்கில எழுத்து மட்டும் விழுந்தால் 2.7183 வரும், இரண்டையும் புரோகிராம் ஒழுங்கான விடையாக வாங்கிக்கொண்டு போய்விடும். இதைவிட மோசம், கம்ப்யூட்டரில் ஃபைலை அழிக்கச் சொல்லும் கட்டளையை அந்தக் கட்டத்தில் யாராவது எழுதினால் அதுவும் ஓடும். ஆக்டேவின் கையேடே இதைச் சொல்லி எச்சரித்து, எஸ்டிஆர்2டபுளைப் பயன்படுத்தச் சொல்கிறது. நீங்கள் மட்டுமே உட்காருகிற சொந்தக் கம்ப்யூட்டர் என்றால் பரவாயில்லை. நாலு பேர் கை படுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

எஸ்டிஆர்2டபுள் கண்டிப்பானது. அது எதையும் ஓட்டிப் பார்க்காது, எழுத்தைப் படித்து எண்ணாகத் தெரிந்தால் எண், தெரியாவிட்டால் ‘நேன்’ என்று ஒன்றைத் தரும், எண்ணே இல்லை என்று அர்த்தம். 600 கேஎன் என்று அலகையும் சேர்த்துத் தட்டினால் நேன். ரூபாய்க் குறியோடு தட்டினால் நேன். 1/2 என்றாலும் நேன். காலியாக விட்டாலும் நேன், எனக்கு மிகவும் பிடித்தது இது. ஜாவாஸ்கிரிப்டில் காலி ஸ்ட்ரிங்கை நம்பராக மாற்றினால் 0 வந்துவிடும், மறந்துபோய் நிரப்பாத கட்டத்துக்கும் உண்மையிலேயே சுழி என்று நிரப்பிய கட்டத்துக்கும் அப்புறம் வித்தியாசம் தெரியாது. இன்னொரு பெரிய சௌகரியம், டிபன் கேரியரை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டியதில்லை. முழுக் கேரியரையும் அப்படியே கொடுத்தால் எல்லா அடுக்கையும் மாற்றி ஒரே எண் வரிசையாகத் தந்துவிடும், லூப்பே வேண்டாம். எஸ்டிஆர்2நம்முக்கு இது முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஊட்ட வேண்டும்.

ஆனால் இதிலும் ஒரு இடம் இருக்கிறது, தெரியாதவர்களை நன்றாகக் கவிழ்த்துவிடும். காற்புள்ளி. எண்களை 1,25,000 என்று லட்சக் கணக்கில் எழுதுவது நம் வழக்கம், அதைத் தட்டினால் எஸ்டிஆர்2டபுள் 125000 என்று சரியாகவே புரிந்துகொள்ளும். எப்படித் தெரியுமா? ஸ்ட்ரிங்கில் இருக்கும் காற்புள்ளிகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைப் படிக்கிறது. எங்கே இருந்த காற்புள்ளி, எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை வந்தது என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. இப்போது கீபோர்டைப் பாருங்கள், புள்ளியும் காற்புள்ளியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டை. 612.5 என்று தட்ட வேண்டியவர் அவசரத்தில் 612,5 என்று தட்டினால் நேன் வராது, 6125 வரும். வலிமை 27.22 க்குப் பதிலாக 272.2. பத்து மடங்கு. மூன்று க்யூபின் சுமையையும் ஒரே கட்டத்தில் 580,610,595 என்று இடைவெளி விடாமல் தட்டினால் ஐம்பத்தெட்டுக் கோடி கிலோநியூட்டன் என்று ஒரே எண்ணாக ஒட்டிக்கொள்ளும். காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி விட்டுத் தட்டியிருந்தால் நேன் வந்து நாம் பிழைத்துக்கொள்வோம். ஒரு இடைவெளியில் இவ்வளவு வித்தியாசம்.

ஒரே கட்டத்தில் பல எண்கள் வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. முதலில் ‘ஸ்ட்ரிங் ஸ்ப்ளிட்’ ஃபங்ஷனிடம் கொடுத்துக் காற்புள்ளி இருக்கிற இடத்தில் வெட்டச் சொல்லுங்கள், துண்டுகள் மறுபடி ஒரு செல் அரேயாக வரும், அதை எஸ்டிஆர்2டபுளிடம் கொடுங்கள். 580, 610, 595 தனித்தனியாகக் கிடைத்துவிடும், மூன்றின் சராசரி 595, வலிமைச் சராசரி 26.44. அதற்கப்புறம்தான் கான்கிரீட் வலிமைச் சோதனைக்கான இந்தியத் தர விதிமுறை ஐ.எஸ். 516 சொல்கிற விதியைப் பார்க்க முடியும், ஒவ்வொரு க்யூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிற விதி. அலகையும் சேர்த்துத் தட்டுகிற ஆட்கள் இருக்கும் இடத்தில் ‘எஸ்ஸ்கேன்எஃப்’ உதவும், முன்னால் இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கும் எழுத்தை விட்டுவிடும். நான் அதைப் போடவில்லை. 600 டன் என்று ஒருவர் தட்டினாலும் அது 600 என்றுதானே எடுக்கும், அலகு தப்பாக இருப்பதைக் காட்டிக்கொடுக்கிற ஒரே தடயத்தை நாமே துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். நேன் வரட்டும், திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

நேன் வந்துவிட்டால் மட்டும் போதாது, அதைப் பிடிக்கவும் தெரிய வேண்டும். நேனோடு எதைக் கூட்டினாலும் நேன், நேனும் நேனும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். அதனால் சமக்குறி போட்டுச் சோதித்தால் ஒருபோதும் மாட்டாது, ‘இஸ்நேன்’ என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும். நான் தெரிந்துகொள்ள நாளான விஷயம் ஒன்று: சுமை 0 ஐவிடக் குறைவா, 2000 ஐவிட அதிகமா, அப்படி இருந்தால் நிறுத்து என்றுதான் முதலில் எழுதியிருந்தேன், எங்கள் மெஷினின் கொள்ளளவு 2000 கிலோநியூட்டன். நேன் வந்தபோது இரண்டு கேள்விக்குமே இல்லை என்று பதில் வந்து, காவலைத் தாண்டி நேராக உள்ளே போய்விட்டது. கேள்வியைத் திருப்பிப் போட்டேன். சுமை 0 ஐவிட அதிகமாகவும் 2000 க்குள்ளும் இருந்தால் மட்டும் உள்ளே விடு, மற்றதெல்லாம் வெளியே. இப்போது நேனும் வெளியே நிற்கிறது, 6125 உம் வெளியே நிற்கிறது. காற்புள்ளிப் பிரச்சினையையும் அப்போதைக்கு இந்த ஒரே வரிதான் எங்களுக்குத் தீர்த்தது.

கேன்சலை மறந்துவிடாதீர்கள். கேன்சல் அழுத்தினாலோ ஜன்னலை மூடினாலோ காலியான செல் அரே வரும், கேரியரில் அடுக்கே இருக்காது. முதல் அடுக்கைக் கொடு என்று கேட்டால் பிழை வந்து புரோகிராம் நின்றுவிடும். பெட்டி வந்ததும் முதல் வேலையாகக் காலியா என்று பார்த்து, காலி என்றால் சத்தமில்லாமல் வெளியேறிவிட வேண்டும். ஒரு வரி வேலை.

இப்போது கையில் மூன்று எண்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. தனித்தனி வேரியபிளாக வேண்டும். நேரடியான வழி, முதலாவது பக்கம், இரண்டாவது சுமை, மூன்றாவது நாள் என்று மூன்று வரி எழுதுவது. ஒரே வரியில் முடிக்க ஆசைப்பட்டால் ‘நம்2செல்’ போட்டு எண்களை மறுபடி அடுக்குகளில் வைத்து, இடது பக்கம் சதுர அடைப்புக்குள் மூன்று பெயரையும் எழுதி, வலது பக்கம் நெளி அடைப்பும் முக்காற்புள்ளியும் போட்டு மொத்தமாக இறக்கிவிடலாம். ‘டீல்’ என்ற ஃபங்ஷனும் இதே வேலையைச் செய்யும். எழுத அழகாக இருக்கும், எனக்கும் பிடித்திருந்தது. கேள்வி எண்ணிக்கைக்குத் தகுந்தபடி வேரியபிள் பெயர்களையே ‘எவால்’ போட்டு உருவாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது எஸ்டிஆர்2நம் மாதிரியேதான், கட்டளையை எழுத்தாகக் கட்டி ஓட்டுவது. எந்த வேரியபிள் எங்கே பிறந்தது என்று புரோகிராமில் தேடினாலும் கிடைக்காது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதில் நான் ஒரு வாரம் தொலைத்த கதை இருக்கிறது. க்யூபின் எடையையும் குறித்துக்கொண்டால் அடர்த்தி பார்க்கலாமே என்று நான்காவது கேள்வி ஒன்றைச் சேர்த்தேன். 8.1 கிலோ எடை என்றால் அடர்த்தி கனமீட்டருக்கு 2400 கிலோ, நல்ல கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம்தான் வரும். எடை பார்த்த பிறகுதானே உடைப்போம், அதனால் பெட்டியில் எடைக் கேள்வியைச் சுமைக்கு மேலே வைத்தேன். கீழே வேரியபிள் பெயர்களில் எடையைக் கடைசியில் சேர்த்திருந்தேன். எண்கள் எல்லாம் எண்களே, ஒரு பிழையும் வரவில்லை. சுமையில் எடை உட்கார்ந்தது, நாளில் சுமை உட்கார்ந்தது. 8.1 கிலோநியூட்டனில் உடைந்த க்யூப், வலிமை 0.36. காவல் வரி 0 க்கும் 2000 க்கும் நடுவில் இருக்கிறது என்று விட்டுவிட்டது. அன்றைக்கு நான் வெளியூரில் இருந்தேன், ரிசல்ட் எதுவும் வெளியே போவதற்குள் அண்ணன் பார்த்துவிட்டு நோட்டுக்கே திரும்பிவிட்டார். ஊர் திரும்பி நான் முதலில் சந்தேகப்பட்டது சூத்திரத்தை, அப்புறம் மெஷினின் காலிப்ரேஷனை, கடைசியாகத்தான் பெட்டியை.

தனித்தனி வேரியபிளாகப் பிரிப்பது எல்லாமே இடத்தை நம்பி நடக்கிறது, மூன்றாவது கட்டத்தில் இருப்பது சுமை என்பது நம் மனதில் மட்டும்தான் இருக்கிறது, ஆக்டேவுக்கு அது வெறும் மூன்றாவது எண். அதனால் இப்போது நான் கேள்வியையும் அதற்கான பெயரையும் அதன் எல்லையையும் ஒரே அட்டவணையில் வரிசைக்கு வரிசை எழுதிவிடுகிறேன். எடைக்கான வரிசையை எங்கே நகர்த்தினாலும் அதன் பெயரும் எல்லையும் கூடவே நகரும். எஸ்டிஆர்2டபுளிலிருந்து வரும் வரிசையை நம்2செல்லில் போட்டு, ‘செல்2ஸ்ட்ரக்ட்’ என்ற ஃபங்ஷனிடம் பெயர்களோடு கொடுத்தால் ஒரு ‘ஸ்ட்ரக்ட்’ கிடைக்கும், அதில் புள்ளி வைத்துச் சுமை என்று கேட்டால் சுமையே வரும். தனி வேரியபிள் வேண்டும் என்று தேடி வந்தவர்களுக்கு இது சுற்றுவழி மாதிரித் தெரியலாம். இரண்டு கேள்விக்கு மேல் இருந்தால் இதையே செய்யுங்கள் என்பேன்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? மேட்லாபில் இதே பெயரில் இதே ஃபங்ஷன், இதே மாதிரிச் செல் அரேதான், ஆக்டேவ் அதைப் பார்த்து வந்ததுதானே. அங்கே 2016 இலிருந்து ஆப் டிசைனர் என்று ஒன்று இருக்கிறது, அதில் எண்ணை மட்டும் ஏற்கிற கட்டமே கிடைக்கும், கீழ் எல்லை மேல் எல்லையும் வைக்கலாம். வசதிதான், ஆனால் மேட்லாப் காசு கொடுத்து வாங்க வேண்டியது. பிரான்ஸில் பிறந்த, இதே ரக மென்பொருளான சைலாப் இந்த ஒரு விஷயத்தில் ஆக்டேவைவிட யோசித்துச் செய்திருக்கிறது. அதில் ‘கெட்வேல்யூ’ என்று ஒரு ஃபங்ஷன், கேள்விகளோடு எந்தக் கட்டத்தில் எத்தனை எண் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால், ஓகே அழுத்தினாரா என்பதை முதலிலும், அடுத்தடுத்து எண்களைத் தனித்தனி வேரியபிளிலும் தந்துவிடும். நான் மூன்று படியாகச் செய்வதை அது ஒரே படியில் முடித்துவிடுகிறது. பைதான் மொழியில் ஜன்னல்கள் போட உதவும் டிகேஇன்டரில் ‘ஆஸ்க்ஃபுளோட்’ இருக்கிறது, எண் இல்லாததைத் தட்டினால் அதுவே சொல்லித் திரும்பக் கேட்கும், எல்லையும் வைக்கலாம், கேன்சல் என்றால் ‘நன்’, ஒன்றுமே இல்லை, என்று தெளிவாகச் சொல்லும். ஆனால் ஒரு ஜன்னலுக்கு ஒரே எண்தான். நான்கு கேள்விக்கு நான்கு ஜன்னல் என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது க்யூப் உடைக்கிற இடத்தில் கை ஓய்ந்துவிடும். எக்செல் மேக்ரோவில் அப்ளிகேஷன் இன்புட்பாக்ஸுக்கு 1 என்ற வகையைச் சொன்னால் எண்ணைத் தவிர வேறு ஏற்காது, நல்ல விஷயம். ஆனால் கேன்சல் அழுத்தினால் ‘ஃபால்ஸ்’ வரும், அதை எண் வேரியபிளில் நேராக வாங்கினால் 0 ஆகிவிடும். வேண்டாம் என்று சொன்னவர் சுழி என்று சொன்னதாகப் பதிவாகிவிடும். இந்தக் குழப்பம் ஆக்டேவில் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்கு இது கண்ணில் படுவதே இல்லை. முன்கூட்டியே நிரப்பி வைக்கும் மதிப்புகளையும் எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும், எண்ணைக் கொடுத்தால் ஏற்காது. அதனால் போன தடவை தட்டியதையே அடுத்த தடவை காட்ட, எண்ணை ‘நம்2எஸ்டிஆர்’ போட்டு எழுத்தாக்குவோம். 1 ஐவிடப் பெரிய எண் என்றால் அது தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நிறுத்திவிடும். பை மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள், 3.1416 என்று வரும். அதைக் காட்டி, ஆளும் ஓகே அழுத்தி, மறுபடி எண்ணாக்கும்போது 3.1416 தான் உள்ளே போகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். க்யூபுக்கு இது பொருட்டில்லை. மெஷினின் காலிப்ரேஷன் எண்ணை நான் இப்படிச் சுற்றிவிட்டபோதுதான் கவனித்தேன். நம்2எஸ்டிஆருக்கு எத்தனை இலக்கம் வேண்டும் என்று இரண்டாவதாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். இல்லை, என்னைப் போல அவர் தட்டிய ஸ்ட்ரிங்கையே தனியாகப் பத்திரப்படுத்தி அதையே திருப்பிக் காட்டலாம், அது இன்னும் சுலபம்.

திரை இல்லாத சர்வரில் இந்தப் பெட்டி உதவாது, அங்கே ‘இன்புட்’ என்ற பழைய ஃபங்ஷன்தான். அதற்கும் கேள்வியோடு ‘எஸ்’ என்ற எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள், தட்டியதை எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். சேர்க்காவிட்டால் அதுவும் ஓட்டிப் பார்க்கிற ரகம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். எழுத்தாகத் தருகிறது என்பதற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் 612,5 என்று ஒருவர் தட்டினால் அவர் என்ன தட்டினார் என்பது அப்படியே நமக்குத் தெரிய வேண்டும். சுமைக் கட்டத்தில் காற்புள்ளி இருந்தாலே திரும்பக் கேள் என்று என் புரோகிராமில் இப்போது ஒரு வரி இருக்கிறது, ஸ்ட்ரிங்காக வந்ததால்தான் அந்த வரியை எழுத முடிந்தது. குறைத்த ஒன்று, சைலாப் செய்வதை இது செய்யவில்லை என்பதற்காக. இந்தக் கட்டத்தில் ஒரு எண், அது இந்த எல்லைக்குள் என்று பெட்டியிடமே சொல்ல ஒரு வசதி வந்துவிட்டால் என் புரோகிராமில் முப்பது வரி குறையும். அதுவரை அந்த முப்பது வரியைத் தனி ஃபைலாக வைத்து, புதிதாக எழுதுகிற ஒவ்வொரு புரோகிராமிலும் அதையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மண் பரிசோதனைக்கு ஒன்று எழுதினேன், ஏழு கேள்வி. அண்ணன்தான் முதலில் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டிப் பார்த்தார். காலி, அலகோடு, காற்புள்ளியோடு, கேன்சல், எல்லாவற்றையும் பிடித்தது.